படைத்தளம் மூடப்பட்ட பிறகு: நகரமும் பள்ளி மாவட்டமும் ஏன் மோதுகின்றன, எங்கே ஒத்துப்போயின

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ராணுவத் தளம் ஒன்றை மூடி, அந்த நிலத்தில் வீடு, கடை, பூங்கா என்று புது நகர்ப்பகுதி எழும்பும்போது, நகர நிர்வாகமும் பள்ளி மாவட்டமும் ஏன் இப்படி மல்லுக்கட்டுகின்றன? இரண்டும் ஒரே மக்களின் வரிப்பணத்தில் நடப்பவைதானே? ஒழுங்காகச் சேர்ந்து செய்த ஊர் ஏதாவது உண்டா? பக்கத்தில் ஒரு தளம் மூடப்படும் நிலை வந்தால் பெற்றோர்கள் பள்ளி வாரியத்திடம் என்ன கேட்க வேண்டும்?

ஒழுங்காகச் செய்த ஊர் உண்டு. சிகாகோவுக்கு வடக்கே இருக்கும் கிளென்வியூ. சண்டை முற்றி மாநிலச் சட்டமன்றம் வரை போன ஊரும் உண்டு. தென் கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுன்டியில் இருக்கும் டஸ்டின். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஒரு ஊரில் நல்லவர்களும் இன்னொரு ஊரில் கெட்டவர்களும் இருந்தார்கள் என்பதல்ல விஷயம். பள்ளிக்கு எத்தனை ஏக்கர், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பணம், அதை யார் எந்தக் கணக்கிலிருந்து எப்போது கொடுப்பது என்பதை முதல் வீடு விற்கப்படும் முன்பே எழுதி வைத்தார்களா இல்லையா என்பதுதான் விஷயம். எழுதாமல் விட்ட இடங்களில் நல்லெண்ணம் நிறைய இருந்தும் பலன் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு அடிப்படை. மாநகராட்சிப் பள்ளி என்று நாம் சொல்வது போன்ற ஏற்பாடு, சில பெருநகரங்களை விட்டால், அமெரிக்காவில் கிடையாது. பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாங்கம். தனித் தேர்தல், தனி வாரியம், தனி வரி, தனிக் கடன் பத்திரம். மேயர் சொன்னால் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லைகளும் பொருந்தாது. டஸ்டின் தளத்தின் வேலிக்குள்ளேயே மூன்று பள்ளி மாவட்டங்களின் எல்லைகள் வெட்டிக்கொண்டன: டஸ்டின், சாண்டா ஆனா, எர்வைன். கிளென்வியூ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே பல இடங்களில் எட்டாம் வகுப்பு வரை ஒரு மாவட்டம், உயர்நிலைப் பள்ளிக்கு வேறொரு மாவட்டம். கிளென்வியூவில் ஒரே பிள்ளை பெரும்பாலும் 34-ஆம் மாவட்டத்தில் தொடங்கி, 225-ஆம் மாவட்டத்தில் முடிக்கும். ஆக, "நகரமும் பள்ளியும்" என்று நாம் ஒருமையில் பேசினாலும் மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் நாலைந்து அரசாங்கங்கள்.

தளம் இயங்கும் காலத்தில் இந்தப் பிரச்சினை வெளியே தெரியாது. ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கு வருவார்கள். தள நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது, அது மத்திய அரசின் நிலம். அந்த இழப்பை ஈடுகட்ட 1950-இல் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசோடு தொடர்புள்ள பிள்ளைகளைக் கணக்கெடுத்து, 'இம்பாக்ட் எய்ட்' என்ற பெயரில் மாவட்டத்துக்கு நேரடியாகப் பணம் தருவார்கள். தளம் மூடப்பட்டால் பிள்ளைகளும் போய்விடுவார்கள், அந்தப் பணமும் போய்விடும். கட்டடங்களும் நிரந்தர ஆசிரியர்களும் மட்டும் அங்கேயே இருப்பார்கள்.

மெய்ன் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டிய லைம்ஸ்டோன் என்ற சிற்றூர் இதை முழுதாக அனுபவித்தது. லோரிங் விமானப்படைத் தளம் 1994-இல் மூடப்பட்டது. ஊரின் பெரும்பகுதி வாழ்க்கையே அந்தத் தளத்தை நம்பித்தான் இருந்தது. பள்ளிகள் காலியாயின. அங்கே மாநிலம் செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்த ஆண்டே, 1995-இல், மாநிலம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கும் அறிவியல், கணித உயர்நிலைப் பள்ளியை லைம்ஸ்டோனின் பள்ளி வளாகத்திலேயே தொடங்கினார்கள். முன்பு தொடக்கப் பள்ளியாக இருந்த கட்டடம் மாணவர் விடுதியானது. பிள்ளைகள் குறையும் ஊரில் கட்டடத்தை விற்றுத் தலைமுழுகுவதுதான் வழக்கம். அவர்கள் அந்தக் கட்டடத்துக்கு வேறு பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களின் ஓரத்தில் இருக்கும் தளங்களில் கதை தலைகீழ். அங்கே முதலில் பிள்ளைகள் போவார்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதைவிட அதிகமாகத் திரும்பி வருவார்கள். இடைப்பட்ட காலத்தில்தான் நிலம் கை மாறுகிறது. அந்த வேளையில் பள்ளி மாவட்டம் தன் மாணவர் எண்ணிக்கை சரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாகப் பள்ளிக்கு நிலம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. இந்தக் கால முரண்தான் பாதிச் சண்டைகளுக்கு மூலகாரணம் என்பது என் கணிப்பு.

நிலம் கை மாறும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988, 1991, 1993, 1995, 2005 ஆகிய ஐந்து சுற்றுகளில் தளங்களை மூடும் முடிவுகள் எடுக்கப்பட்டன. மூடப்படும் ஒவ்வொரு தளத்துக்கும் உள்ளூர் மறுமேம்பாட்டு அமைப்பு ஒன்றைப் பாதுகாப்புத் துறை அங்கீகரிக்கும். பல இடங்களில் நகர மன்றமே அந்த அமைப்பு. யாருக்கெல்லாம் நிலம் வேண்டும் என்று அது அறிவிப்புக் கொடுத்து, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பங்களை வாங்கும். வீடற்றோருக்கு உதவும் அமைப்புகளின் கோரிக்கையைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பிறகு 270 நாளில் மறுபயன்பாட்டுத் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். பள்ளி, கல்லூரி, பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு நிலத்தை முழுத் தள்ளுபடியில், அதாவது இலவசமாகவே தர வழி உண்டு. கல்விக்கென்றால் அதை நடத்துவது மத்தியக் கல்வித் துறை. முப்பது ஆண்டுகள் கல்விக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று பள்ளி மாவட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் நிலம் மத்திய அரசுக்கே திரும்பிவிடும்.

கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சில மாதங்களில் விண்ணப்பிக்காத பள்ளி மாவட்டம், பிறகு அதே நிலத்தைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். விண்ணப்பித்தாலும், யாருக்கு எந்தத் துண்டு என்று வரைபடம் போடுவது நகர மன்றம். நகர மன்றத்தின் கண்ணோட்டத்தில் இலவசமாகப் போகும் ஒவ்வொரு ஏக்கரும் விற்று சாலை போட முடியாமல் போகும் ஏக்கர். சாக்கடை, குடிநீர், மின்சாரம் எல்லாம் ராணுவம் தன் வசதிக்குப் போட்டவை. எந்த உள்ளூர் விதிக்கும் பொருந்தாது. அவற்றைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போடும் செலவு நகரத்தின் தலையில் விழுகிறது. நகரத்தின் பேராசை என்று இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

டஸ்டினுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கும் வான்கப்பல்களுக்காக 1942-இல் கட்டப்பட்ட தளம் அது. போர்க்கால எஃகுத் தட்டுப்பாட்டால் இரண்டு பிரம்மாண்டக் கொட்டகைகளை மரத்தாலேயே கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஆயிரம் அடிக்கு மேல் நீளம், பதினேழு மாடி உயரம். பின்னாளில் அது மரைன் படையின் ஹெலிகாப்டர் தளமானது. 1991 சுற்றில் மூட முடிவு செய்து, 1999-இல் மூடினார்கள். சுமார் 1,600 ஏக்கர். சுற்றிலும் முழுக்க முழுக்க வீடுகள் நிறைந்த ஆரஞ்சு கவுன்டியின் நடுவில் இவ்வளவு காலி நிலம் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

நகரம் எழுதிய திட்டத்தில் டஸ்டின், எர்வைன் பள்ளி மாவட்டங்களுக்கும் தெற்கு ஆரஞ்சு கவுன்டி சமுதாயக் கல்லூரிக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. பக்கத்து சாண்டா ஆனா மாவட்டத்துக்கும், அங்குள்ள ராஞ்சோ சாண்டியாகோ சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்கும் அவை கேட்டது கிடைக்கவில்லை. சாண்டா ஆனா பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊர். பள்ளிகள் நிரம்பி வழிந்தன. விளையாட்டு மைதானங்களில் தற்காலிக வகுப்பறைப் பெட்டிகளை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்திய காலம் அது. தளத்தின் ஒரு பகுதி தங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கும்போது வசதியான ஊர்களின் பள்ளிகளுக்கு நிலம், எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா என்று கேட்டார்கள். இன வேறுபாடு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு வந்தது. 2001-இல் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டு, சாண்டா ஆனா தரப்புக்குப் பங்கு தரும்படி டஸ்டினை நெருக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கடைசியில் 2002-இல், பெரிய தொகையும் கொஞ்சம் நிலமும் தந்து நகரம் சமரசம் செய்துகொண்டது. கடற்படையிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நகரத்தின் கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

சாண்டா ஆனாவின் கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு நகர மன்றத்தில் வாக்கு இல்லை. மத்திய அரசின் நிலம் என்பது எல்லோருடைய வரிப்பணத்தில் வாங்கிய நிலம். ஆனால் அதைப் பங்கிடும் பேனா ஒரே ஒரு நகரத்தின் கையில் தரப்படுகிறது. இந்தக் கோளாறு சட்டத்திலேயே இருக்கிறது. டஸ்டினுக்குப் பதில் வேறு எந்த ஊர் இருந்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும்.

நிலத்தைவிடச் சிக்கலானது வரி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பாழடைந்த பகுதியைச் சீரமைக்க அமெரிக்க நகரங்கள் பயன்படுத்தும் முக்கியக் கருவி, வரி வளர்ச்சியைப் பிடித்து வைப்பது. ஒரு பகுதியின் இன்றைய சொத்து மதிப்பை உறைய வைப்பார்கள். அந்த மதிப்புக்கான வரி வழக்கம்போலப் பள்ளி, கவுன்டி, நூலகம் என்று எல்லோருக்கும் போகும். அதற்கு மேல் மதிப்பு ஏறினால், ஏறிய பகுதிக்கான வரி முழுவதும் மறுமேம்பாட்டு நிதிக்குப் போகும். சாலைக்கும் சாக்கடைக்கும் வாங்கிய கடனை அதில் அடைப்பார்கள்.

பழைய கடைத்தெருவில் இது தாங்கக்கூடியது. அங்கே ஏற்கெனவே கட்டடங்கள் இருக்கின்றன, பள்ளிக்கு வந்துகொண்டிருந்த வரி நிற்காது. படைத்தளத்தில் என்ன ஆகும்? மத்திய அரசின் நிலம் வரிக்கு உட்படாதது என்பதால் உறைய வைக்கும் மதிப்பு பூஜ்யம். ஆயிரம் வீடுகள், வீடு ஒன்று 5 லட்சம் டாலர், வரி ஒரு சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வருகிறது. அத்தனையும் "வளர்ச்சி". அத்தனையும் மறுமேம்பாட்டு நிதிக்கு. அந்த ஆயிரம் வீட்டிலிருந்து, வீட்டுக்கு 0.4 பிள்ளை என்று திட்டமிடுபவர்கள் போடும் கணக்குப்படி 400 பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்பார்கள். பதின்மூன்று பதினான்கு வகுப்பறை, ஆசிரியர்கள், பஸ். பணம் ஒரு டாலர்கூட வராது. இந்த நிலை இருபது ஆண்டுக்கு மேல் நீடிக்கும்.

இதற்கு மாநிலங்கள் வெவ்வேறு மருந்து வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு அன்றாடச் செலவில் விழும் பற்றாக்குறையை மாநிலம் ஈடுகட்டும். கட்டடத்துக்கு ஈடுகட்டாது. 1993-இல் வந்த சட்டம், புதிய மறுமேம்பாட்டுப் பகுதிகளில் வரி வளர்ச்சியின் ஒரு பங்கைப் பள்ளிகள் உள்ளிட்ட அமைப்புகளுக்குக் கட்டாயமாகத் திருப்பித் தர வைத்தது. பிறகு 2012 பிப்ரவரியில் மறுமேம்பாட்டு முகமைகளையே மாநிலம் முழுவதும் கலைத்துவிட்டார்கள். தளத்தைக் கட்டி முடிக்காமல் நடுவில் நின்ற நகரங்கள் எதிர்பார்த்த வரவை இழந்தன.

இல்லினாயில் அப்படிப்பட்ட முழு ஈடு கிடையாது. ஆகவே கிளென்வியூ தானே ஒரு வழி கண்டது. அங்கே கடற்படை விமான நிலையம் இருந்தது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான விமானிகள் இங்கிருந்து கிளம்பி, மிச்சிகன் ஏரியில் மிதந்த இரண்டு பயிற்சிக் கப்பல்களின் தளத்தில் விமானம் இறக்கப் பழகினார்கள். பின்னாளில் அதிபரான ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் புஷ்ஷும் அவர்களில் ஒருவர். 1993 சுற்றில் முடிவெடுத்து, 1995 செப்டம்பரில் மூடினார்கள். 1,121 ஏக்கர், ஊரின் பரப்பில் ஏறக்குறைய 15 சதவீதம். தனியார் நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாமல், ஊராட்சியே தலைமை மேம்பாட்டாளராக இருந்து, துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டுநர்களுக்கு விற்றது. 'தி கிளென்' என்று அந்தப் பகுதிக்குப் பெயர்.

வரி வளர்ச்சி நிதி அங்கேயும் போடப்பட்டது. ஆனால் அத்தோடு சேர்த்தே பள்ளி மாவட்டங்கள், பூங்கா மாவட்டம், நூலகம் ஆகியவற்றுடன் ஒப்பந்தம் ஆனது. புதுப் பகுதியால் அவற்றுக்கு விழும் கூடுதல் செலவை அந்த நிதியிலிருந்தே ஆண்டுதோறும் ஈடுகட்ட வேண்டும். அங்குள்ளவர்கள் இதை "முழுமையாக்கும்" தொகை என்பார்கள். பள்ளியைப் பொறுத்தவரை அடிப்படை மிக எளிது. தி கிளெனில் வசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணு, ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவோடு பெருக்கு, கொடு. வளர்ச்சி மதிப்பிட்டதைவிட மெதுவாக இருந்தால் தொகை குறையும், பிள்ளைகள் அதிகமாக வந்தால் தொகை ஏறும். யாருடைய முன்மதிப்பீடு சரி என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை. தலை எண்ணிக்கைதான் தீர்ப்பு.

இதில் என்னை மிகவும் கவர்வது, இந்த ஒப்பந்தம் நகரத்தின் திட்டமிடலையே மாற்றும் விதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் நிதியிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்றால், நான்கு படுக்கையறை வீடு எத்தனை, டவுன்ஹவுஸ் எத்தனை, முதியோர் குடியிருப்பு எத்தனை, அலுவலகம் எத்தனை என்று நகரம் முதல் நாளே கணக்குப் போடும். முதியோர் குடியிருப்பு வரி கொண்டுவரும், பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது. தி கிளெனில் வீடு, கடை, அலுவலகம், கோல்ஃப், முதியோர் வளாகம் எல்லாம் கலந்து வந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. இதன் மறுபக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைச் செலவாக மட்டும் எண்ணத் தொடங்கினால், இளம் குடும்பங்களுக்கு ஏற்ற விலையில் வீடு கட்டவே ஊர்கள் தயங்கும். கிளென்வியூ முறையைப் பின்பற்ற நினைக்கும் ஊர், குறைந்த விலை வீடுகளின் எண்ணிக்கையையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

இடத்திலும் அவர்கள் ஒத்துப்போனார்கள். 34-ஆம் மாவட்டத்தின் அட்டியா நடுநிலைப் பள்ளி தி கிளெனிலேயே எழுந்தது. பக்கத்து மனையில் பூங்கா மாவட்டத்தின் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள சமுதாய மையம். செஸ்ட்நட் அவென்யூவில் நடந்து போனால் இரண்டும் அடுத்தடுத்து வரும். பகலில் பள்ளி, மாலையிலும் வார இறுதியிலும் ஊர். இரண்டு அரசாங்கங்கள் தனித்தனியாகக் கட்டியிருந்தால் இரண்டு பார்க்கிங் இடம், இரண்டு மைதானம், இரண்டு மடங்கு நிலம் போயிருக்கும்.

கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் போட இன்னொரு தடை இருக்கிறது. 1998-இல் வந்த பள்ளிக் கட்டடச் சட்டம், மேம்பாட்டாளர் பள்ளிக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. அதைக் கட்டிவிட்டால், "பள்ளியில் இடமில்லை" என்ற காரணத்தைச் சொல்லி எந்த நகரமும் குடியிருப்புத் திட்டத்தை மறுக்க முடியாது. ஆகவே பல நகர அதிகாரிகள், பள்ளி எங்கள் கையில் இல்லை என்று கையை விரிப்பார்கள். சாதாரண மனையில் அது உண்மை. படைத்தளத்தில் அது பாதி உண்மைதான். அங்கே நகரம் அனுமதி கொடுக்கும் அதிகாரி மட்டுமல்ல, நிலத்தின் சொந்தக்காரரும்கூட. விற்பனை ஒப்பந்தத்தில் பள்ளி மனை, பள்ளி திறக்கும் காலம், பங்களிப்பு ஆகியவற்றை நிபந்தனையாகச் சேர்க்க விற்பவருக்கு இருக்கும் பலம் வேறு. தளங்களில் பள்ளி மாவட்டங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கைப்பிடி இதுதான். நிலம் கட்டுநர் கைக்குப் போன மறுநாள் அந்தக் கைப்பிடி இருக்காது.

டஸ்டினிலும் எர்வைனிலும் வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் சொத்து வரி ரசீதில் 'மெலோ ரூஸ்' என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அது. புதுப் பகுதியின் சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்காக அந்தப் பகுதி வீடுகளின் மேல் மட்டும் விதிக்கும் சிறப்பு வரி. நகரமும் விதிக்கலாம், பள்ளி மாவட்டமும் விதிக்கலாம். ஒரே வீட்டின் மேல் இரண்டும் விழலாம். ஆனால் எல்லா வரியும் சேர்ந்து வீட்டு மதிப்பில் சுமார் 2 சதவீதத்தைத் தாண்டினால் வீடு விற்காது என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. அடிப்படை வரி ஒரு சதவீதம் போனால் மிச்சம் இருக்கும் இடம் சிறியது. அதை முதலில் பிடிப்பவர் யார்? நகரம் சாலைக்காக முழுவதையும் எடுத்துக்கொண்டால் பள்ளிக்கு ஒன்றும் மிஞ்சாது. இருவரும் உட்கார்ந்து பேசி, உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்ளாவிட்டால், ஒரே வீட்டுக்காரரின் பைக்குள் இருவரும் கை விடுவதாக முடியும்.

பணத்துக்கு அடுத்தது மண். விமானத் தளம் என்றால் கரைப்பான்கள், எரிபொருள், தீயணைப்பு நுரை எல்லாம் பல பத்தாண்டுகள் தரையில் கொட்டப்பட்ட இடம். நிலத்தை ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்யும் பொறுப்பு மத்திய அரசுடையது. ஆனால் எந்த அளவுக்குச் சுத்தம் என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. கிடங்குக்குப் போதுமான சுத்தம் பள்ளிக்குப் போதாது. பல துண்டுகளின் பத்திரத்திலேயே வீடு, மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம் கட்டக்கூடாது என்று தடை எழுதப்பட்டிருக்கும். கலிபோர்னியாவில் மாநில நிதியில் கட்டும் புதுப் பள்ளி மனையை நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை தனியாக ஆய்வு செய்து ஒப்புதல் தர வேண்டும். நகரம் வரைபடத்தில் பச்சை நிறம் பூசி "பள்ளி" என்று எழுதிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இது எவ்வளவு நிஜமான விஷயம் என்பதை டஸ்டின் 2023-இல் பார்த்தது. அதற்குள் அங்கே ஹெரிட்டேஜ் தொடக்கப் பள்ளி வந்துவிட்டது. 2020-இல் லெகசி மேக்னட் அகாடமி என்ற பள்ளியும் திறந்துவிட்டது. டஸ்டின் மாவட்டத்துக்கு ஒதுக்கிய நிலம் நல்லபடியாகவே பயன்பட்டது. ஆனால் வடக்குக் கொட்டகை இருந்த பகுதி இன்னும் கடற்படையின் பெயரில்தான் இருந்தது. மூடி இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியும் ஒப்படைக்கப்படவில்லை. 2023 நவம்பர் 7 அதிகாலையில் அந்த எண்பது வயது மரக் கட்டடம் தீப்பிடித்தது. உள்ளே போய் அணைக்க முடியாத அளவு பெரிய தீ. நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் சாம்பலில் இருப்பது தெரிந்தது. கூரைத் துண்டுகள் காற்றில் பறந்து வீட்டு முற்றங்களிலும் பள்ளி மைதானங்களிலும் விழுந்தன. மாவட்டம் பள்ளிகளை மூடியது. கொட்டகைக்கு அருகிலிருந்த பள்ளிகளை ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் தகுதி பெற்றவர்கள் வந்து துடைத்துச் சோதித்த பிறகே திறக்க முடிந்தது. பூங்காக்களை மூடுவது நகரத்தின் வேலை, பள்ளிகளை மூடுவது மாவட்டத்தின் வேலை, எரிந்த சொத்து கடற்படையுடையது, காற்றின் தரம் பார்ப்பது வேறொரு முகமை. எந்தத் தெரு சுத்தம், எந்தப் பள்ளி சுத்தம் என்று தினமும் தேடிப் பார்க்க வேண்டிய நிலையில் பெற்றோர்கள் இருந்தார்கள்.

படைத்தள ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இதுதான்: இன்னும் ஒப்படைக்கப்படாத நிலத்தில் ஏதாவது நடந்தால் யார் யாருக்குச் சொல்வது, யார் செலவு செய்வது, பள்ளியைத் திறக்கலாம் என்று யார் கையெழுத்துப் போடுவது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெற்றோர்கள் என்ன கேட்க வேண்டும்? 2005-க்குப் பிறகு புதிய மூடல் சுற்று நடக்கவில்லை. ஆனால் பழைய சுற்றுகளில் மூடப்பட்ட தளங்கள் பலவற்றில் கட்டுமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கேள்வி பழையதாகிவிடவில்லை. முதலில், தளத்தின் வேலியின் மேல் எல்லாப் பள்ளி மாவட்டங்களின் எல்லைகளையும் போட்ட ஒரே வரைபடத்தைக் கேளுங்கள். வெளியூர் மாவட்டம் ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதை முதல் கூட்டத்துக்கே அழைக்கச் சொல்லுங்கள். விண்ணப்ப அறிவிப்பு வரும் மாதங்களில் பள்ளி வாரியம் கடிதம் அனுப்பியதா, எந்தத் துண்டைக் கேட்டது, அந்தத் துண்டின் மண் அறிக்கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். தற்போதைய மாணவர் எண்ணிக்கையைக் காட்டி "இப்போது தேவையில்லை" என்று யாராவது சொன்னால், கட்டி முடிந்த பிறகு எத்தனை வீடு, எத்தனை பிள்ளை என்ற கணக்கைக் கேளுங்கள்.

பிறகு பணம். வரி வளர்ச்சி நிதி போடுகிறார்களா, உறைய வைக்கும் மதிப்பு எவ்வளவு, பள்ளிக்குத் திரும்பும் பங்கு முன்மதிப்பீட்டின்படியா, உண்மையான தலை எண்ணிக்கையின்படியா? சிறப்பு வரியில் நகரத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு? எத்தனையாவது வீட்டில் குடிபுக அனுமதிச் சான்று கொடுக்கும் முன் பள்ளி திறந்திருக்க வேண்டும்? இந்தக் கடைசி எண் மிக முக்கியம். அது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், முதலில் குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஊரின் மறுகோடிக்கு பஸ்ஸில் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். இந்தக் கேள்விகளை எல்லாம் நகர மன்றக் கூட்டத்திலும் கேளுங்கள், பள்ளி வாரியக் கூட்டத்திலும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், நில விற்பனை ஒப்பந்தம் நகர மன்றத்தின் வாக்கெடுப்புக்கு வரும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன் நகர மன்றமும் பள்ளி வாரியமும் சேர்ந்து ஒரு பொதுக்கூட்டம் நடத்தும்படி எழுத்தில் கோருங்கள்.